சூப்பர்மேனால் எவ்வளவு தூக்க முடியும்?

1983ஆம் ஆண்டுத் தேதியிட்டு மார்வெல் காமிக்ஸ் நிறுவனம் தன் கதாபாத்திரங்களுக்கான கையேடு ஒன்றை இதழ் இதழாக வெளியிடத் தொடங்கியது. ஒவ்வொருவரின் உயரம், எடை, கண்ணின் நிறம் ஆகியவற்றோடு, தலைக்கு மேல் எத்தனை டன் தூக்க முடியும் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஹல்க்குக்குக் கிடைத்தது உச்ச வகுப்பு: 100 டன்னுக்கு மேல். மறு ஆண்டே, 1984இல், அதே நிறுவனத்தின் 'சீக்ரெட் வார்ஸ்' தொடரின் நான்காம் இதழில் நாயகர் கூட்டத்தின் தலையில் ஒரு மலைத்தொடர் வந்து விழுகிறது. ஹல்க் அதைத் தாங்கி நிற்கிறான். அதன் எடையை அட்டையிலேயே அச்சிட்டிருந்தார்கள்: 15,000 கோடி டன்.

நூறு டன்னுக்கும் இதற்கும் 150 கோடி மடங்கு வித்தியாசம். '100 டன்னுக்கு மேல்' என்றால் 15,000 கோடி டன்னும் அதில் அடங்கும்தானே என்று வாதாடலாம். அப்படிச் சொன்னால் அந்த வகுப்பை வைத்துக்கொண்டு எதையும் அளக்க முடியாது. ஆனாலும் இந்த முரண்பாடு ஹல்க்கின் பெயரைக் கெடுக்கவில்லை. அவனுடைய வலிமையைப் பேச வருகிறவர்கள் முதலில் எடுத்துவைக்கும் சான்றுகளில் ஒன்றாக அந்த மலைக் காட்சி நிலைத்துவிட்டது.

1985இல் வேறொன்று நடந்தது. ஸ்பைடர்மேன் தன் தொடரில் ஃபயர்லார்டை அடித்து வீழ்த்தினான். ஃபயர்லார்ட், உலகங்களை விழுங்கும் கலாக்டஸின் முன்னாள் தூதன்; இடிக்கடவுள் தோருடன் மோதியவன். ஸ்பைடர்மேனுக்குக் கையேடு தந்த அளவோ 10 டன். இந்தக் கதையில் அவன் எந்த மலையையும் தூக்கவில்லை, எடைக் கணக்கு எதுவும் மீறப்படவில்லை. இருந்தும், நம்ப முடியாத வெற்றி என்றால் ரசிகர்கள் இன்றுவரை சுட்டிக்காட்டுவது இதைத்தான். 150 கோடி மடங்கு பிசகை விழுங்கிக்கொண்ட வாசகருக்கு ஒரு குத்துச்சண்டை முடிவு தொண்டையில் சிக்கியது ஏன்?

காமிக்ஸ் நாயகனின் வலிமை எடையாக எழுதப்படுகிறது; ஆனால் கதைக்குள் அது வரிசையாகவே வேலை செய்கிறது. எண் எத்தனை முறை மாறினாலும் வாசகர் பொறுத்துக்கொள்கிறார். யாருக்கு மேல் யார் என்பது காரணமின்றி மாறும்போதுதான் கதை உடைகிறது. இந்தக் கருத்தைச் சோதிக்க சூப்பர்மேனைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. 1938 முதல் தொடர்ந்து வெளிவரும் அவனுடைய வலிமை ஏறியும் இறங்கியும் வந்த பாதை ஆண்டுவாரியாகப் பதிவாகியிருக்கிறது.

எல்லையோடு பிறந்தவன்

கிளீவ்லாந்தைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள், எழுத்தாளர் ஜெரி சீகலும் ஓவியர் ஜோ ஷுஸ்டரும், 130 டாலருக்கு உரிமையை விற்றுக் கொடுத்த கதை 1938 ஜூன் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வந்தது. அட்டையில் நாயகன் ஒரு காரைத் தலைக்கு மேல் தூக்கிப் பாறையில் மோதுகிறான். உள்ளே முதல் பக்கத்திலேயே அவனுடைய எல்லைகள் சொல்லப்பட்டுவிடுகின்றன. ஒரே தாவலில் எட்டில் ஒரு மைல், இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டுவான், விரைவு ரயிலை முந்துவான், வெடிக்கும் பீரங்கிக் குண்டுக்குக் குறைந்த எதுவும் அவன் தோலைத் துளைக்காது. அவன் பறக்கவில்லை, தாவினான். பீரங்கிக் குண்டு துளைக்கலாம் என்பதும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. தாவும் தூரத்துக்கு எண் உண்டு. தூக்கும் எடைக்கு எண் இல்லை, பேரெடை என்ற அளவில் விட்டுவிட்டார்கள்.

தூரம் கிடைத்துவிட்டால் இயற்பியல் பேசத் தொடங்கிவிடும். மின்னசோட்டா பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜேம்ஸ் ககாலியோஸ் சூப்பர் நாயகர்களின் இயற்பியல் பற்றி 2005இல் வெளியிட்ட நூலில் இந்தத் தாவலைத்தான் முதலில் கணக்கிட்டார். எட்டில் ஒரு மைல் என்பது 660 அடி, சுமார் 200 மீட்டர். இதை உயரமாக எடுத்துக்கொண்டால், அதை எட்டத் தரையை விட்டுக் கிளம்பும்போதே மணிக்கு 225 கிலோமீட்டர் வேகம் வேண்டும். கால் நொடியில் அந்த வேகம் பெற, கால்கள் உடல் எடையைப்போல 25 மடங்கு விசையோடு தரையை உதைக்க வேண்டும். இத்தகைய கால்கள் இயல்பாக அமைவதற்கு அவன் பிறந்த கிரிப்டான் கோளின் ஈர்ப்பு பூமியினுடையதைப்போல 15 மடங்கு இருக்க வேண்டும் என்பது அவர் வந்தடைந்த முடிவு. வியப்பூட்டும் எண்தான், ஆனாலும் மனதில் பிடிக்கக்கூடிய எண். 1938இன் சூப்பர்மேன் அளவுக்கு உட்பட்டவன்.

சீகலும் ஷுஸ்டரும் தந்த விளக்கம் வேறு வகையானது. எறும்பு தன் எடையைப்போலப் பல நூறு மடங்கைச் சுமக்கிறது, வெட்டுக்கிளி மனித அளவில் பார்த்தால் பல தெருக்களைத் தாண்டுகிறது, அப்படியிருக்க ஒரு மனிதனுக்கு ஏன் முடியாது என்பது அவர்களுடைய வாதம். இந்த வாதம் தவறு என்பது அதற்கு முந்நூறு ஆண்டு முன்பே தெரிந்திருந்தது. 1638இல் கலிலியோ எழுதியது இதுதான்: ஓர் உடலை எல்லாப் பக்கமும் பத்து மடங்கு பெரிதாக்கினால், தசையின் பலத்தைத் தீர்மானிக்கும் குறுக்குப் பரப்பு 100 மடங்கு கூடும், எடையோ 1,000 மடங்கு கூடிவிடும். எறும்பை மனித அளவுக்கு வளர்த்தால் அது பாரம் தூக்காது. தன் கால்களில் நிற்கவே திணறும். சிறிய உடலுக்கு இயற்கை தந்த சலுகையைப் பெரிய உடலுக்கு எடுத்துக்கொண்டு போக முடியாது. ஆக, முதல் இதழிலேயே எண் இருந்தது, ஆனால் எண்ணுக்குச் சொன்ன காரணம் நிற்கவில்லை. பின்னால் வந்த எழுத்தாளர்கள் காரணத்தைத்தான் மாற்றிக்கொண்டே போனார்கள். முதலில் பரிணாமத்தில் முந்திய இனம் என்றார்கள், பிறகு கிரிப்டானின் ஈர்ப்பு, 1960 வாக்கில் மஞ்சள் நிறச் சூரியனின் கதிர். ஒவ்வொரு புதிய காரணமும் பழைய உச்சவரம்பைக் கழற்றி எறிய வாய்ப்பாகவும் அமைந்தது. ஈர்ப்பு வேறுபாட்டிலிருந்து ஒரு குறிப்பிட்ட மடங்கு கிடைக்கும். சூரியக் கதிரிலிருந்து எவ்வளவு கிடைக்கும் என்று யாராலும் கணக்குப் போட முடியாது.

நீதிமன்றத்தில் வலிமை

இரண்டு நாயகர்களின் வலிமையை முதன்முதலில் வரிசையாக வைத்து முறையாக ஒப்பிட்டவர்கள் நீதிபதிகள் என்றே சொல்லலாம். 1939இல் வேறொரு பதிப்பகம் 'வொண்டர் மேன்' என்ற நாயகனைக் கொண்டுவந்தது. வரைந்தவர் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற வில் ஐஸ்னர். சூப்பர்மேனின் பதிப்பாளர்கள் உடனே வழக்குப் போட்டார்கள். 1940இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிபதி அகஸ்டஸ் ஹேண்ட் எழுதிய தீர்ப்பில் ஒரு பட்டியலே இருக்கிறது: இருவரும் துப்பாக்கியைக் கையால் நசுக்குகிறார்கள், இருவர் உடலிலும் தோட்டா பாய்வதில்லை, இருவரும் எஃகுக் கதவைப் பிய்க்கிறார்கள், ஒருவன் கட்டடங்களைத் தாண்டுகிறான், மற்றவன் கட்டடத்திலிருந்து கட்டடத்துக்குத் தாவுகிறான், இருவருமே உலகின் மிகப் பலசாலி என்று சொல்லப்படுகிறார்கள். நல்ல மனம் கொண்ட பலசாலி என்ற பொதுக் கருத்து யாருக்கும் சொந்தமல்ல, அந்தக் கருத்தைக் காட்டிய குறிப்பிட்ட காட்சிகளுக்கும் நிகழ்வுகளுக்கும் உரிமை உண்டு என்பது தீர்ப்பின் சாரம். வொண்டர் மேன் தோற்றான்.

அடுத்த வழக்கு நீண்டது. 1940இல் ஃபாசெட் நிறுவனம் வெளியிட்ட கேப்டன் மார்வெல், 1940களில் ஒரு கட்டத்தில் விற்பனையில் சூப்பர்மேனையே முந்தினான். 1941இல் வழக்குத் தொடுக்கப்பட்டது, 1948இல் விசாரணை, 1951இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பு. அதை எழுதியவர் அகஸ்டஸின் உறவினரான லர்னட் ஹேண்ட். எந்தச் சாகசம் எந்தச் சாகசத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று தனித்தனியாக நிறுவ வேண்டும் என்று கூறி அவர் வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார். காமிக்ஸ் விற்பனை சரிந்துகொண்டிருந்த நேரம். 1953இல் ஃபாசெட் பணம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டு கேப்டன் மார்வெலை நிறுத்தியது.

நமக்கு முக்கியமானது அதற்குப் பின் நடந்தது. 1972இல் சூப்பர்மேனின் நிறுவனமான டிசியே கேப்டன் மார்வெலை வெளியிடும் உரிமையைப் பெற்றது. இரண்டு நிறுவனங்களில் இருந்தவரை 'உலகின் மிகப் பலசாலி' என்று இருவர் இருந்ததில் கதைக்குச் சிக்கல் இல்லை, சந்தைக்குத்தான் சிக்கல். ஒரே கூரையின் கீழ் வந்ததும் யார் மேல் என்று முடிவு செய்தே ஆகவேண்டியதாயிற்று. இருவரும் ஏறக்குறைய சமம். ஆனால் கேப்டன் மார்வெலின் வலிமை மந்திரத்தால் வந்தது, சூப்பர்மேனுக்கோ மந்திரத்தைத் தடுக்கும் கவசம் இல்லை. டன் கணக்கு எதுவும் பேசாமல், வரிசையில் இருவருக்கும் இடம் ஒதுக்கிய இந்தத் தீர்வு அரைநூற்றாண்டு தாங்கியிருக்கிறது.

ஏறுமுகமும் இறங்குமுகமும்

1950களின் பிற்பகுதியிலிருந்து 1970 வரை சூப்பர்மேன் இதழ்கள் மார்ட் வைசிங்கர் என்ற ஆசிரியரின் கையில் இருந்தன. இந்தக் காலத்தில்தான் நாயகன் கோள்களையே நகர்த்தத் தொடங்கினான். 1961இல் வந்த ஒரு கதையில் அவனுக்குத் தும்மல் வருகிறது. பூமிக்கு ஆபத்து வேண்டாமென்று தொலைதூரத்தில் ஆளில்லாத ஒரு சூரியக் குடும்பத்துக்குப் பறந்துபோய்த் தும்முகிறான். அந்தச் சூரியக் குடும்பமே சிதறிப்போகிறது. இதோடு ஒப்பிட்டால் ஹல்க்கின் மலை வெறும் கூழாங்கல்.

இப்படி வீங்கிய வலிமையைக் கதைகள் எங்கே பயன்படுத்தின என்று பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. பெரும்பாலும் பயன்படுத்தவே இல்லை. அக்காலக் கதைகள் புதிர்களாக மாறின: நிருபர் லோயிஸ் லேன் அவனுடைய இரகசிய அடையாளத்தைக் கண்டுபிடித்துவிடுவாளா, அவன் பிறந்த கோளின் துண்டான சிவப்பு கிரிப்டோனைட் இந்த முறை அவனை என்ன செய்யும், உண்மையில் நடக்காத 'கற்பனைக் கதை'யில் அவனுடைய கல்யாணம் எப்படி முடியும். வரிசையில் அவனுக்கு மேலே யாரும் இல்லை, பக்கத்திலும் இல்லை. கையால் தீர்க்க வேண்டிய சிக்கலே இல்லாத ஒருவனுக்கு எழுத்தாளர்கள் மனதால் தீர்க்க வேண்டிய சிக்கல்களைத் தேடவேண்டியிருந்தது. அவனை வீழ்த்தும் கிரிப்டோனைட்கூட முதலில் 1943இல் வானொலி நாடகத்தில்தான் வந்தது, 1949இல்தான் காமிக்ஸ் இதழுக்குள் நுழைந்தது. பலத்துக்குப் போட்டி இல்லாதபோது பலவீனம்தான் கதையின் மூலப்பொருள்.

வைசிங்கருக்குப் பின் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் பொறுப்பேற்றார். 1971 தொடக்கத்தில் டென்னி ஓ'நீல் எழுதிய கதைத்தொடரில் பூமியின் கிரிப்டோனைட் எல்லாம் வெறும் இரும்பாகிறது, மணலிலிருந்து எழுந்த ஓர் உருவம் சூப்பர்மேனின் வலிமையை உறிஞ்சிக்கொள்கிறது. நாயகனை எழுதத்தக்க உயரத்துக்கு இறக்குவதே நோக்கம். ஓ'நீல் விலகியதும் அடுத்தடுத்து வந்தவர்கள் வலிமையைச் சத்தமில்லாமல் பழைய இடத்துக்கே கொண்டுபோனார்கள். 1986இல் ஜான் பைர்ன் இன்னொரு முறை அடியிலிருந்து தொடங்கினார். அவருடைய சூப்பர்மேன் கோள்களைத் தள்ளுவதில்லை, விண்வெளிக்குப் போனால் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும்.

ஆறு ஆண்டு கழித்து எதிர்த்திசையில் ஒரு தீர்வு வந்தது. நாயகனை இறக்குவதற்குப் பதில் எதிரியை ஏற்றினார்கள். 1992 நவம்பரில் விற்பனைக்கு வந்த 'சூப்பர்மேன்' 75ஆம் இதழில் டூம்ஸ்டே என்ற உருவமும் அவனும் மாறி மாறி அடித்துக்கொண்டு இருவருமே சாகிறார்கள். டூம்ஸ்டேவுக்குச் சூழ்ச்சி இல்லை, பேச்சுகூட இல்லை. வரிசையில் சூப்பர்மேனுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தை நிரப்பவென்றே உருவாக்கப்பட்டவன் அவன். அந்த இதழ் பல லட்சம் பிரதிகள் விற்றது. சூப்பர்மேன் எத்தனை டன் தூக்குவான் என்று எங்கும் சொல்லாமலே, அவனுடைய வலிமையைப் பல பத்தாண்டுகளில் எந்த எண்ணும் காட்டாத அளவுக்குக் காட்டிய கதை அது.

பிறகு எண்களும் வந்தன. கிரான்ட் மாரிசன் எழுதி ஃப்ராங்க் க்வைட்லி வரைந்து 2005இல் தொடங்கிய 'ஆல்-ஸ்டார் சூப்பர்மேன்' முதல் இதழில் ஓர் ஆய்வுக்கூடச் சோதனை நடக்கிறது. ஒரே கையால் அவன் தூக்குவது 20 லட்சம் கோடி கோடி டன், அதாவது 2 என்ற எண்ணுக்குப் பின் இருபது சுழியங்கள். பூமியின் நிறை சுமார் 6 கோடி கோடி கோடி டன் என்பதால் இது பூமியில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. நிலவின் நிறையைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். 2012இல் வந்த வேறொரு தொடரில் பூமியின் முழு எடைக்குச் சமமான பாரத்தை ஐந்து நாள் இடைவிடாமல் தூக்கிப் பயிற்சி செய்கிறான். ஏழு ஆண்டில் முப்பது மடங்கு. இதற்காக அவன் யாரையும் புதிதாக வென்றுவிடவில்லை. வரிசையில் அவன் இடம் முன்பிருந்ததேதான்.

டன் கணக்கின் பயன்

அப்படியானால் மார்வெல் கையேட்டின் டன் கணக்கு வீண்வேலையா? இல்லை. அதைத் தொகுத்த மார்க் க்ரூன்வால்ட், கதைகளுக்கிடையே முரண்பாடு வராமல் பார்த்துக்கொள்வதில் பேர் பெற்ற ஆசிரியர். ஸ்பைடர்மேன் 10 டன், பாறை உடல் கொண்ட திங் 85 டன், ஹல்க்கும் தோரும் 100 டன்னுக்கு மேல் என்ற பட்டியலின் முதல் பயனாளி வாசகர் அல்லர், அடுத்த மாதக் கதையை எழுத உட்காரும் புதிய எழுத்தாளர். திங்கை ஸ்பைடர்மேன் கையால் அமுக்கிப் பிடித்ததாக எழுதாதே, ஹல்க்கைத் திங் வென்றதாக எழுதினால் காரணம் சொல் என்பதே அந்த எண்கள் தரும் கட்டளை. 1963இலும் 1964இலும் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இதழ்களில் திங்கும் ஹல்க்கும் மோதினார்கள். வலிமையில் ஹல்க் ஒரு படி மேல், விடாப்பிடியில் திங் குறைந்தவனல்ல என்ற உறவு அங்கேயே உருவாகிவிட்டது. கையேடு இருபது ஆண்டு கழித்து அந்த உறவுக்கு எண் உடை உடுத்தியது.

இதற்கு இணையான ஒன்று கனிமவியலில் உண்டு. ஜெர்மானியரான ஃபிரடெரிக் மோஸ் 1812இல் கனிமங்களின் கடினத்தன்மைக்கு 1 முதல் 10 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். எது எதைக் கீறும் என்பது மட்டுமே அவருடைய சோதனை. குருந்தக்கல் 9, வைரம் 10. பார்த்தால் ஒரு படிதான் வித்தியாசம். கருவியால் அளந்தாலோ வைரம் குருந்தத்தைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு கடினம். அதனால் மோஸின் அளவுகோல் பொய்யாகிவிடவில்லை, ஏனென்றால் அது சொல்ல வந்தது வரிசையை மட்டும். மார்வெலின் டன்களையும் அப்படி வாசித்தால் ஹல்க் புதிர் அவிழ்கிறது. மலையைத் தாங்கியபோது அவன் தன் கோபத்தால் ஏறும் வலிமையைத்தான் காட்டினான். கோபம் தணியாதிருக்க சக நாயகன் ரீட் ரிச்சர்ட்ஸ் அவனைத் திட்டிச் சீண்டிக்கொண்டே இருந்தது அந்தக் கதையிலேயே வருகிறது. எந்த வரிசையும் குலையவில்லை. ஸ்பைடர்மேன் ஃபயர்லார்டை வீழ்த்தியபோதோ 5 என்ற எண் கொண்ட கனிமம் 9ஐக் கீறிவிட்டது.

எண்களையே நம்ப விரும்புகிறவர்களுக்குக் கையேடு இன்னொரு சிக்கலையும் வைக்கிறது. மனித உடலின் உச்சம் என்று சொல்லப்படும் கேப்டன் அமெரிக்காவுக்கு அது தந்த அளவு 800 பவுண்டு, சுமார் 363 கிலோ. பளுதூக்குதலில் ஜார்ஜியாவின் லாஷா தலகாட்ஸே 2021இல் தலைக்கு மேல் தூக்கிப் படைத்த உலக சாதனை 267 கிலோ. 'மனித உச்சம்' என்ற சொல்லே மனிதரைத் தாண்டித்தான் தொடங்குகிறது. இந்த விஷயத்தில் சாமர்த்தியமாக நடந்துகொண்டது ஒரு விளையாட்டு. 1985இல் மேஃபேர் நிறுவனம் டிசி நாயகர்களுக்காக வெளியிட்ட கதாபாத்திர விளையாட்டில் ஒவ்வொரு படியும் முந்தையதைப்போல இரு மடங்கு. பத்துப் படி ஏறினால் 1,024 மடங்கு. சாதாரண மனிதனையும் சூப்பர்மேனையும் ஒரே தாளில் எழுத இதைத் தவிர வழியில்லை. படியைப் பார், டன்னைப் பார்க்காதே என்பதை அந்த விதியே சொல்லிவிடுகிறது.

டன்னை நேரடியாக எடுத்துக்கொண்டால் இயற்பியலும் கைவிட்டுவிடும். 15,000 கோடி டன்னைத் தாங்கும் ஹல்க்கின் இரு பாதங்களும் தரையில் பதியும் பரப்பு ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அந்தத் தரையின் மீது விழும் அழுத்தம் பூமியின் மையத்தில் நிலவும் அழுத்தத்தைப்போல முப்பதாயிரம் மடங்குக்கு மேல். எந்தப் பாறையும் அதைத் தாங்காது. ஹல்க் எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் ஆணி போலத் தரைக்குள் இறங்கிவிடுவான். உள்ளங்கையில் விமானத்தையோ கட்டடத்தையோ ஏந்தும் சூப்பர்மேனுக்கும் இதே கதிதான்: பாரம் தூக்கப்படாது, கை பாரத்துக்குள் துளைத்துக்கொண்டு போகும். தூக்குகிறவனின் வலிமையோடு தூக்கப்படும் பொருளின் வலிமையும் சேர்ந்தே எல்லையை வகுக்கிறது. காமிக்ஸ்காரர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 1993இல் அறிமுகமான புதிய சூப்பர்பாய்க்கு, தொட்ட பொருள் முழுவதையும் மனத்தால் பிடித்துக்கொள்ளும் ஆற்றலைக் கொடுத்து இந்த ஓட்டையை அடைத்தார்கள்.

நிறுவன எல்லையைத் தாண்டும்போது

ஒரே நிறுவனத்துக்குள் வரிசை நிற்கிறது. இரண்டு நிறுவனங்கள் சந்திக்கும்போது என்ன ஆகிறது? 1976இல் சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் ஒரே இதழில் மோதினார்கள். எழுதியவர் ஜெரி கான்வே, வரைந்தவர் ராஸ் ஆண்ட்ரு. ஸ்பைடர்மேனின் ஒரு குத்தில் சூப்பர்மேன் தூரப் போய் விழ வேண்டும், இல்லாவிட்டால் இதழை வாங்கியவர்களில் பாதிப்பேர் ஏமாந்துபோவார்கள். அதற்காக சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதர் தன் கருவியால் ஸ்பைடர்மேன் மீது, சூப்பர்மேனின் வலிமையை முறிக்கும் சிவப்புச் சூரியக் கதிரைப் பாய்ச்சுகிறான். கதிரின் வீரியம் தீர்ந்ததும் ஸ்பைடர்மேன் குத்திக் குத்திக் கைவலி காண்கிறான், சூப்பர்மேன் அசைவதில்லை. விற்பனைக்காக வரிசையை வளைத்தவர்கள், வளைத்ததற்குக் காரணமும் எழுதி, சில பக்கங்களுக்குள்ளேயே பழையபடி நிமிர்த்தியும் வைத்தார்கள்.

இருபது ஆண்டு கழித்து, 1996இல், இரு நிறுவனங்களும் சேர்ந்து நான்கு இதழ்களில் பதினோரு சண்டைகளை நடத்தின. அவற்றில் ஐந்தின் முடிவு வாசகர் வாக்குக்கு விடப்பட்டது. சூப்பர்மேன் ஹல்க்கை வென்றான், பேட்மேன் கேப்டன் அமெரிக்காவை வென்றான், ஸ்பைடர்மேன் சூப்பர்பாயை வென்றான். இவற்றை ஒருவாறு ஏற்கலாம். ஆனால் சூப்பர்மேனோடு சரிக்குச் சரி மோதும் லோபோவை மார்வெலின் எக்ஸ்-மென் அணியைச் சேர்ந்த வுல்வரின் வென்றான். அந்தச் சண்டையில் பெரும்பகுதி மதுக்கடை மேசைக்குப் பின்னால் மறைவாகவே நடந்து முடிந்தது. கடவுளர்க்கு நிகரான வலிமை கொண்ட வொண்டர் உமனை அதே எக்ஸ்-மென் அணியின் ஸ்டார்ம் தோற்கடித்தாள். அந்த ஆண்டுகளில் எக்ஸ்-மென் இதழ்கள் விற்பனையின் உச்சியில் இருந்தன. வாக்குப்பெட்டி அளந்தது தசையை அல்ல, வாசகர் எண்ணிக்கையை. 2003இல் கர்ட் பியூசிக்கும் ஜார்ஜ் பெரேஸும் உருவாக்கிய 'ஜேஎல்ஏ/அவெஞ்சர்ஸ்' தொடரில் சூப்பர்மேன் தோரை வீழ்த்தினான், ஆனால் இவ்வளவு கடினமான எதிரியைச் சந்தித்ததில்லை என்ற ஒப்புதலோடு. இரு தரப்பு வாசகரையும் இழக்காத ராஜதந்திரத் தீர்ப்பு அது. யார் வெல்வார் என்று மார்வெலின் எழுத்தாளர் ஸ்டான் லீயிடம் கேட்டபோதெல்லாம், எழுத்தாளன் யாரை நினைக்கிறானோ அவனே வெல்வான் என்றுதான் அவர் பதில் சொன்னார். அவர் சொன்னது பாதி உண்மை. ஒரே நிறுவனத்துக்குள் எழுத்தாளன் அப்படி நினைத்த மாத்திரத்தில் வென்றுவிட முடியாது என்பதற்குத்தான் ஃபயர்லார்ட் சாட்சி.

இதே காரணத்தால் ரசிகர்களின் பிரியமான முறையும் தடுமாறுகிறது. பவர் ஸ்கேலிங் என்று அவர்கள் சொல்லும் அந்த முறையில், அ என்பவன் ஆவை வென்றான், ஆ இயை வென்றான், ஆகவே அ இயைவிட வலியவன் என்று சங்கிலி கோக்கிறார்கள். ஃபயர்லார்ட் ஒருவனை அந்தச் சங்கிலியில் மாட்டினால் போதும், ஸ்பைடர்மேன் தோரைத் தாண்டிவிடுவான். ஒற்றைச் சண்டை சான்றாகாது. பல எழுத்தாளர்கள் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப மதித்த உறவே சான்று. ஒரு காட்சியில் தூக்கப்பட்ட எடையும் குறைந்தபட்ச அளவைத்தான் தரும். காரைத் தூக்கியவனுக்கு அதற்கு மேல் முடியாது என்று காட்சி சொல்வதில்லை. முடியாமல் போன காட்சிதான் மேல்வரம்பைத் தரும், அப்படிப்பட்ட காட்சிகள் அரிது. ஸ்டீவ் டிட்கோவும் ஸ்டான் லீயும் 1966இல் தந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 33ஆம் இதழ் அந்த வகையில் அரிய ஆவணம். நீர் ஒழுகும் அறையில் ராட்சத இயந்திரத்தின் அடியில் சிக்கிய நாயகன் முயல்கிறான், தோற்கிறான், மறுபடி முயல்கிறான், பக்கம் பக்கமாக. இயந்திரத்தின் எடையை யாரும் சொல்லவில்லை. அவனுடைய எல்லைக்குச் சற்று மேலே அது இருக்கிறது என்பது மட்டும் தெளிவு. அது போதுமானதாக இருந்தது.

எனவே யார் பலசாலி என்ற கேள்வி சிறுபிள்ளைத்தனமானது அல்ல, விடையில்லாததும் அல்ல. எந்த நிறுவனம், எந்த ஆசிரியரின் காலம், யாரோடு ஒப்பிட்டு என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டால் உறுதியாகவே பதில் சொல்லலாம். 1938இன் சூப்பர்மேன், பீரங்கிக் குண்டுக்கு அஞ்சவேண்டிய அந்தத் தாவும் மனிதன், மார்வெலின் திங்கிடம் தோற்றிருப்பான். 1961இன் சூப்பர்மேனுக்கு எந்த நிறுவனத்திலும் ஈடு சொல்வது கடினம். அதனாலேயே அவன் தசையை நம்பி நல்ல சண்டைக்கதை எழுத அன்று வழியில்லாமல் போயிற்று. 1986இன் சூப்பர்மேனும் ஹல்க்கும் மோதினால் சண்டை நீளும், ஹல்க்கின் கோபம் எவ்வளவு ஏறுகிறது என்பதைப் பொறுத்து முடியும். மூன்று பதிலிலும் ஒரு டன் கூட இல்லை. 'சூப்பர்மேன்' என்று ஒரே பெயர் தாங்கிய இந்த மூவருக்கும் பொதுவாக ஓர் எடையை நிர்ணயிப்பதுதான் முடியாத காரியம்.